ஒன்றும் வேண்டாம் என்றவன்

டயாலிசிஸ் அறைக்கு வெளியே போட்டிருந்த நீல நாற்காலிகளில் அன்று காலை இரண்டே பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் வேன்காரனும். உள்ளே அவள் கணவருக்கு ஊசி குத்தி இயந்திரத்தோடு இணைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் மூன்றரை மணி நேரத்துக்கு அவளுக்கு அந்த நாற்காலிதான் கதி.

வேன்காரனை அவளுக்கு ஒன்றரை வருடமாகத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன். காலையில் அவர்களை இறக்கிவிட்டதும் அதே வேனில் தன் அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வருவான். அந்த அம்மாவுக்கும் அவள் கணவருக்கும் அடுத்தடுத்த கட்டில். தன் சிறுநீரகம் அம்மாவுக்குப் பொருந்தவில்லை என்று அப்போது சொல்லியிருந்தான். அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. ஆனால் அவன் வருவதை விடவில்லை. தனியாக வர முடியாத ஒரு பெரியவரை ஏற்றிவந்து இறக்குவான், முடிகிறவரை காத்திருப்பான், திரும்பக் கொண்டுபோய் விடுவான். அது வாடகைச் சவாரி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்றான் அவன்.

"கேளுங்க தம்பி."

"அண்ணனுக்கு ஓ பாசிட்டிவ்தானே? கட்டில்ல எழுதியிருக்கறதைப் பாத்தேன். எனக்கும் ஓ பாசிட்டிவ்தான். நான் ஒரு கிட்னி தரலாம்னு இருக்கேன். அண்ணனுக்கு."

அவள் சிரித்துவிட்டாள். யாராவது விளையாட்டுக்குச் சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி சொல்றீங்க? பேனா இரவல் தர்ற மாதிரி சொல்றீங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன் அக்கா. பெரிய டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். உறவில்லாதவங்களும் தரலாமாம். குழு ஒண்ணு இருக்காம், அவங்க கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். அவ்வளவுதான்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

அந்தக் கேள்வி அவள் நினைப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னா?"

"ஒண்ணும் வேணாம்னா ஒண்ணும் வேணாம் அக்கா. சும்மாதான்."

அவள் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவள் மேசைக்குத்தான் வரும். தலைக்கு மேல் இரண்டு ட்யூப் லைட். சட்டையை விரித்து, காலரில் ஆரம்பித்து தோள், கை, கைப்பட்டி, பொத்தான் துளை, அடி மடிப்பு என்று கண்ணும் விரலும் ஒரே ஓட்டமாக ஓடும். எங்கே ஒரு தையல் விட்டிருக்கிறதோ, எங்கே எண்ணெய்ப் பொட்டு விழுந்திருக்கிறதோ அங்கே சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினான்கு வருட வேலை. தையல் பிரிவுப் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. "பூதக்கண்ணாடி லீவு போட்டாத்தான் நமக்கு விடிவுகாலம்" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை. "குறை இல்லாத பீஸ்னு ஒண்ணு கிடையாது. இன்னும் சரியாப் பாக்கலைன்னு அர்த்தம்" என்பாள்.

இவ்வளவு பார்க்கத் தெரிந்தவள் ஒரே ஒரு தடவை பார்க்காமல் விட்டாள். மூன்று வருடத்துக்கு முன் கணவருக்குச் சிறுநீரகம் பாதி பழுதென்று தெரிந்த புதிதில், தொழிற்சாலை வாசலில் ஒரு வைத்தியர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு, மடியில் ஒரு கட்டுக் கடிதங்கள், குணமானவர்கள் எழுதியவை என்று. வேர்ப்பொடி ஒன்று தருவார், மூன்று மாதத்தில் சிறுநீரகம் புதிதாகிவிடும். "முதல் மாசம் இலவசம்மா. குணம் தெரிஞ்சா மட்டும் அடுத்த மாசத்தைப் பத்திப் பேசலாம்." பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. மருத்துவமனை மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். காலையும் மாலையும் வெந்நீரில் அந்தப் பொடியைத் தன் கையாலேயே கலக்கிக் கொடுத்தாள். மூன்றாம் மாதம் கணவரின் கால்கள் இரண்டும் வீங்கின. பெரிய டாக்டர் அந்தப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை யாரு குடுத்தது?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றாள் அவள். அந்த மாத்திரைகளோடு இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும் என்றார் அவர். பிறகு ஒருபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. கணவரும் பேசவில்லை. அவள் மட்டும் தனக்குள் பேசிக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய ரத்தப் பிரிவு கணவருக்குச் சேராது. கணவரின் அக்காவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. வேறு நெருங்கிய உறவு கிடையாது. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குப் பெயர் எழுதியிருந்தார்கள். முன்னால் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள்.

வேன்காரன் சொன்னதை அன்று மதியமே கணவரிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்து படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவர் அப்படிச் சட்டென்று எழுவதே இல்லை.

"நிஜமாவா?"

"அப்படித்தான் சொல்றார்."

அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் மெக்கானிக். இப்போது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான், மாத்திரை விழுங்குவதும் சேர்த்து. "ஊர்ல பாதிப் பேருக்கு ஐஸ் உறைய வெச்சுக் குடுத்தவன், ஒரு துண்டு ஐஸுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறேன் பாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. "ஒரு குடம் தண்ணி," என்றார் மெதுவாக. "நின்ன வாக்குல ஒரு குடம் தண்ணி குடிக்கணும். கழுத்து வழியா வழிய வழிய."

அடுத்த தெருவில் இருந்த அவருடைய அக்கா சேதி கேட்டு ஓடிவந்தாள். "கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கு. நீ என்ன முகத்தை உம்முனு வெச்சுக்கிட்டு நிக்கறே?"

"எதுக்குத் தர்றார்னு தெரியலையே அண்ணி."

"எதுக்குத் தந்தா என்ன? வலிய வர்ற சீதேவியை எட்டி உதைக்காதே."

"வெளுத்ததெல்லாம் பால்னு நினைச்சு ஒரு தடவை கலக்கிக் குடுத்தேன் அண்ணி. மறுபடியும் என்னால முடியாது."

அண்ணி தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்து, வீக்கம் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அவள் விசாரிக்கக் கிளம்பினாள். முதலில் டயாலிசிஸ் அறை நர்ஸ். "தங்கமான மனுஷன்க்கா. அந்தப் பெரியவரைக் கூட்டிட்டு வர்றாரே, வாடகை ஒண்ணும் வாங்கறதில்ல." அது அவளுக்குப் புதிய செய்தி. அப்புறம் பள்ளிக்கூடம். காவலாளி சொன்னார், எட்டு வருடத்தில் அந்த வேன் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லையாம், ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் இருந்த தெருவுக்கே போனாள். மாடியில் ஒற்றை அறை. கல்யாணம் ஆகவில்லை. கீழ்வீட்டுப் பெண் துணி காயப்போட்டபடியே பேசினாள். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஒரு வம்பு தும்பு கிடையாது. அம்மா போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. அவ்வளவுதான்.

"வேற ஏதாவது?" என்றாள் இவள்.

"வேற என்ன? பொண்ணு பாக்கறீங்களா அவருக்கு?"

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒருவர்கூட ஒரு சின்னக் குறை சொல்லவில்லையே, அது எப்படி? கோபக்காரன் என்று ஒருவர் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இதை அண்ணியிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உன் கண்ணுல தேள்தான் கொட்டணும்."

ஒரு வெள்ளிக்கிழமை மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் வேனுக்குள் உட்கார்ந்து அவனிடம் நேராகவே கேட்டாள். சின்னச் சின்ன இருக்கைகள். முழங்காலை மடக்கி ஒடுங்கித்தான் உட்கார வேண்டியிருந்தது.

"ஏதாவது கேளுங்க தம்பி. எதையாவது கேட்டுடுங்க."

"என்னத்தைக் கேக்கச் சொல்றீங்க?"

"அவருக்கு வேலை தெரியும், உங்களுக்குக் கத்துத் தரச் சொல்றேன். இல்ல, எங்க வீட்டுலயே வந்து இருங்க. தம்பியா இருங்க. மூணு வேளை நான் சமைச்சுப் போடறேன். எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ஒண்ணும் வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவன் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல ஒரு தடவை திரும்பினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்றான்.

வாங்கிக் கொடுத்தாள். இருவரும் நின்றுகொண்டே குடித்தார்கள். அவன் அவளுடைய காலி டம்ளரையும் சேர்த்து எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்தான்.

பரிசோதனைகள் இரண்டு மாதம் நடந்தன. ரத்தம், ஸ்கேன், மறுபடி ரத்தம். அவன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வயிற்றோடு வந்து நிற்பான். கூடப் பிறந்தவர்களுக்குக்கூட இந்த அளவு பொருந்துவது அபூர்வம் என்றார் பெரிய டாக்டர். கணவர் மாறிக்கொண்டே வந்தார். தூசி படிந்து கிடந்த கருவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்பானராகத் துடைத்தார். பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குப் போன் செய்து, "இன்னும் மூணு மாசம் பொறுங்க, நானே வந்து பாத்துத் தர்றேன்" என்றார். அவர் பேசுவதை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் அவள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது! அன்று அவளுக்கும் நம்பிக்கை வந்தது. பொழுது போவதற்குள் போய்விட்டது.

குழு கூடிய அறை மருத்துவமனையின் நான்காவது மாடியில் இருந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர், ஒரு பக்கம் வழக்கறிஞர், இன்னொரு பக்கம் அரசு அதிகாரி ஒருவர். தனித்தனியாகத்தான் கூப்பிட்டார்கள். முதலில் கணவர். பத்து நிமிடத்தில் வெளியே வந்து அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் வேன்காரன். அவனுக்கு அரை மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்து, "பயப்படாதீங்க அக்கா, நல்லவங்களாத்தான் இருக்காங்க" என்றான்.

கேட்கப்போகும் கேள்விகள் அவளுக்கு முன்பே தெரியும். மருத்துவமனைப் பணியாளர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு வாரமாகப் பதிலை மனப்பாடம் செய்திருந்தாள்.

"உட்காருங்கம்மா. இவரை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

சொன்னாள்.

"இவருக்கோ இவர் சார்புல யாருக்கோ நீங்க ஏதாவது குடுத்தீங்களா? குடுக்கறதாச் சொல்லியிருக்கீங்களா?"

"இல்லைங்க. ஒரு டீ வாங்கிக் குடுத்தேன்."

வழக்கறிஞர் சிரித்தார். பெண் டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவர்கிட்டே ஏன் தர்றீங்கன்னு நாலு விதமாக் கேட்டோம். சும்மாதான், சும்மாதான்னு சொல்றார். நீங்க சொல்லுங்க. எதையும் எதிர்பாக்காமத்தான் இவர் தர்றார்னு நீங்க நம்பறீங்களா?"

நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. வாயைத் திறந்தாள். வெந்நீரில் பொடி கரையும் வாசம் எங்கிருந்தோ மூக்குக்கு வந்தது. இதில் ஏதோ இருக்கிறது, இன்று நான் பார்க்காமல் விட்டால் நாளைக்கு அது அவர் உயிரைத்தான் கேட்கும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

"என்னம்மா?"

"எனக்குத் தெரியலைங்க," என்றாள்.

"நம்பறீங்களா, இல்லையா?"

"நல்ல மனுஷன்தான். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா ஏன் தர்றார்னு எனக்கு இன்னும் புரியலை. ஏதோ இருக்கு. என்னன்னு தெரியலை."

பெண் டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா ஓடிய வேகத்தைப் பார்த்ததும்தான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. "இல்லைங்க, நான் அப்படிச் சொல்ல வரலை. நம்பறேன். நம்பறேங்க" என்றாள். "சரிம்மா, நீங்க போகலாம்" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. தானம் செய்ய முன்வந்தவரின் நோக்கம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. நோயாளியின் மனைவியே ஐயம் தெரிவித்துள்ளார். ஆகவே அனுமதி மறுக்கப்படுகிறது. கணவர் அதை இரண்டு தடவை வாசித்தார். மனைவியே என்ற இடத்தில் விரலை வைத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். அண்ணிதான் கத்தினாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினாள். அவள் கேட்டுக்கொண்டாள்.

வேன்காரனைப் பள்ளிக்கூட வாசலில் போய்ப் பார்த்தாள். பள்ளி விட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவன் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கடிதம் வந்திருந்தது.

"என்னாலதான் தம்பி," என்றாள்.

"இல்லக்கா. என்னாலதான்." ஈரத் துணியைப் பிழிந்து பக்கவாட்டுக் கண்ணாடியின்மேல் போட்டான். "உள்ளே நான் சரியாப் பதில் சொல்லியிருந்தா உங்களை அந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டாங்க."

"சரியான பதில்னா?"

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "எங்கம்மாவுக்கு என் கிட்னி பொருந்திச்சு அக்கா. எல்லா டெஸ்டும் முடிஞ்சு தேதி குறிச்சுட்டாங்க. எனக்குக் கத்தின்னா பயம். பரீட்சை நேரம், வேனை விட்டுட்டு வர முடியாது, லீவுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன். தள்ளி வெச்சாங்க. லீவு வந்துச்சு. காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சலே இல்ல. மூணாவது தடவை அம்மாவே டாக்டர்கிட்டச் சொல்லிட்டாங்க, எம்புள்ளைய விட்டுருங்க, எனக்கு வேணாம்னு. அதுக்கப்புறம் எட்டு மாசம் இருந்தாங்க. கேக்கறவங்ககிட்ட எல்லாம் பொருந்தலைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். உங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

அவள் வேனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. சொல்லியிருந்தா அடுத்த நிமிஷமே நம்பியிருப்பேனே."

"எப்படிக்கா சொல்றது? பெத்தவளுக்குக் குடுக்காதவன், உங்க வீட்டுக்காரருக்குத் தர்றேன்னு எப்படி வந்து நிக்கறது? மூஞ்சியில துப்ப மாட்டீங்களா?"

துப்பியிருக்க மாட்டாள். கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவன் சும்மா தருகிறவன் இல்லை, தனக்காகத்தான் தருகிறான் என்று தெரிந்திருந்தால், அந்த நான்காவது மாடியில் எவ்வளவு தைரியமாகப் பேசியிருப்பாள்! அதை அவனிடம் சொல்ல முயன்றாள். உள்ளே மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அவன் ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே உட்கார வைத்தான்.

மேல்முறையீடு செய்தார்கள். இந்த முறை அவன் எல்லாவற்றையும் தன் கையாலேயே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான். அம்மாவின் பழைய கோப்பையும் இணைத்தான். பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இது போதும், இது நிச்சயம் நிக்கும்" என்றார். குழு அடுத்த முறை கூடுவதற்கு இரண்டரை மாதம் இருந்தது. கணவர் மறுபடியும் பேச ஆரம்பித்தார், ஆனால் கருவிப் பெட்டியைத் தொடவில்லை.

ஒரு புதன்கிழமை மாலை அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இயந்திரத்தோடு இணைக்கும் கையில் ஊசி குத்திய இடத்தில் கிருமி புகுந்திருந்தது. மறுநாள் காலையிலேயே மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தொட்டுவிட்டது என்றார் டாக்டர்.

ஆறாம் நாள் மதியம் அவருக்கு நல்ல நினைவு இருந்தது. அவள் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

"அன்னிக்கு அந்த ரூம்ல, ஆமான்னு ஒரு வார்த்தை. ஏன் சொல்லலை?"

இத்தனை நாளாக இந்தக் கேள்விக்குத்தான் அவள் காத்திருந்தாள். எத்தனையோ பதில் வைத்திருந்தாள்.

"உங்களை மறுபடியும் என் கையாலேயே..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

அவர் புரிந்துகொண்டார். அவர் எப்போதுமே சட்டென்று புரிந்துகொள்கிறவர்தான். "அந்தப் பொடியா?" என்றார். "அது கெடக்குது போ. அப்பவே அது தேறாதுன்னு எனக்குத் தெரியும். நீ அவ்வளவு ஆசையாக் கலக்கிக் குடுத்தே. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

மூன்று வருடம். அதை அவர் மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? அவள் பஞ்சைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் விடிந்த பிறகு, நர்ஸ்கள் வேலை மாறும் நேரத்தில், அவர் போய்விட்டார். குழு கூடுவதற்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

வேன்காரன் எல்லா வேலைகளையும் இழுத்துப் போட்டுச் செய்தான். நாற்காலி கொண்டுவந்தான், வந்தவர்களை ஏற்றி இறக்கினான். அண்ணி அவன் தோளில் சாய்ந்து அழுதாள். இவளால் அவன் பக்கம் திரும்பவே முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணிதான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தாள். வேறொரு மருத்துவமனையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தர அவன் போய்க் கேட்டிருக்கிறான். அங்கே அவன் பெயரைத் தட்டிப் பார்த்ததும், ஏற்கெனவே ஓரிடத்தில் நோக்கம் சந்தேகத்துக்குரியது என்று பதிவாகியிருக்கிறது, நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது என்று அனுப்பிவிட்டார்களாம்.

அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நான்காவது மாடிக்குப் போனாள். குழு அறை பூட்டியிருந்தது. பக்கத்து அறையில் ஒரு குமாஸ்தா இருந்தார். அவள் எழுதிக்கொண்டு போன காகிதத்தை முழுசாக வாசித்தார். அன்று நான் சொன்னது தவறு, இவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை, என் பயத்தினால் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று நான்கு வரி.

"நோயாளி இறந்துட்டாரேம்மா," என்றார்.

"ஆமாங்க."

"அப்போ ஃபைலை மூடிட்டோம். மேல்முறையீடும் அதோட முடிஞ்சுது."

"அந்தத் தம்பி பேர்ல எழுதினது?"

"அது அப்படியேதான் இருக்கும்."

"அதை மட்டும் அடிச்சுட முடியாதுங்களா? நான் சொன்னதுதானே அது? சொன்ன நானே வந்து இல்லைங்கறேன்."

அவர் நல்ல மனிதர். எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "குழு எழுதினதைக் குழுதான் மாத்தணும்மா. குழு கூடறதுக்கு ஒரு ஃபைல் வேணும். ஃபைல் இருக்கணும்னா ஒரு நோயாளி இருக்கணும்." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போலக் கொஞ்சம் தயங்கினார். "குடுங்க, வாங்கி வெச்சுக்கறேன்." காகிதத்தில் அன்றைய தேதி முத்திரையைக் குத்தி, மேசை ஓரத்தில் இருந்த அடுக்கின் மேல் வைத்தார்.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"விடுங்கக்கா. நீங்க இவ்வளவு தூரம் போயிருக்கவே வேணாம்."

"வேற வழி இருக்கும் தம்பி. வக்கீலைப் பாக்கலாம்."

"பாக்கலாம்," என்றான். அந்த ஒரு சொல்லை அவன் சொன்ன விதத்திலேயே அவன் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தான். அந்தப் பெரியவரை இப்போதும் ஏற்றிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டாள். அவர் போன வாரம் தவறிவிட்டார் என்றான்.

பிள்ளைகள் வந்து ஏறிக்கொண்டார்கள். கதவைச் சாத்திவிட்டு, "வாங்கக்கா, முன்னாடி ஏறிக்கங்க. போற வழியில உங்களை வீட்ல விட்டுடறேன்" என்றான்.

"வேணாம் தம்பி. நான் பஸ்ல போய்க்கறேன்."

அவன் இன்னொரு தடவை கேட்கவில்லை. வேன் திரும்பிப் போனது. பஸ் நிறுத்தத்தில் உட்கார இடமில்லை. முதலில் வந்த பஸ் நிற்காமலே போய்விட்டது. அடுத்ததில் கூட்டம் நெரிந்தது. உள்ளே நுழைந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் நின்றபடியே போனாள்.